ஆப்ஜெக்டா, மேப்பா? கீ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஜாவாஸ்கிரிப்டில் கீ-வேல்யூ ஜோடிகளை (ஒரு பெயர், அதற்கான மதிப்பு) போட்டு வைக்க நெடுநாள் ஆப்ஜெக்ட்தான் கதி. 2015-இல் ஜாவாஸ்கிரிப்டின் ஈஎஸ்6 பதிப்பு வந்தபோது மேப்பும் சேர்ந்து வந்தது. இருந்தும் பலர் பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் ஆப்ஜெக்டையே எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், பெயர், வயது, மின்னஞ்சல் என்று கோட் எழுதும்போதே தெரிந்த கீ என்றால் ஆப்ஜெக்ட். பயனரோ சர்வரோ பிறகு தரப்போகும் கீ என்றால் மேப்.

பயனர் தட்டிய உரையில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். சொல் ஏற்கெனவே இருந்தால் அதன் வேல்யூவோடு ஒன்றைக் கூட்டு, இல்லையென்றால் 1 போடு. ஆப்ஜெக்டில் இது அழகாக ஓடும், உரையில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற ஆங்கிலச் சொல் வரும் வரை. காலியாக இருப்பதாக நாம் நினைத்த ஆப்ஜெக்ட், புரோட்டோடைப்பிலிருந்து (எல்லா ஆப்ஜெக்டுக்கும் பின்னால் இயல்பாக இருக்கும் மூல ஆப்ஜெக்ட்) அதே பெயருள்ள ஃபங்ஷனை எடுத்து நீட்டும். அதோடு 1 கூட்டினால் ஃபங்ஷனின் எழுத்து வடிவமும் 1-உம் ஒட்டிய ஒரு ஸ்ட்ரிங்தான் கிடைக்கும். எரர்கூட வராது என்பதுதான் கொடுமை. புரோட்டோடைப் இல்லாத ஆப்ஜெக்டை உருவாக்கித் தப்பிக்கலாம்; ஆனால் குழுவில் எல்லோரும் அதை மறக்காமல் செய்ய வேண்டுமே! மேப்பில் அந்தத் தொல்லையே கிடையாது.

வரிசையிலும் ஆப்ஜெக்ட் காலை வாரும். 30, 7, 12 என்ற ஐடிகளைக் கீயாகப் போட்டால் 7, 12, 30 என்று திரும்பி வரும். சர்வர் தரவரிசைப்படி அனுப்பிய பட்டியல் திரையில் மாறி நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மேப் போட்ட வரிசையிலேயே தரும். எண் 1-ஐயும் ஸ்ட்ரிங் ‘1’-ஐயும் தனித்தனிக் கீயாகவே வைத்துக்கொள்ளும்.

சரி, மேப் எங்கே சறுக்குகிறது? ஜேசனில், அதாவது தரவை எழுத்தாக்கி அனுப்பும் வடிவத்தில். நிறைந்த மேப்பை அப்படியே ஜேசனாக்கினால் வெறும் அடைப்புக்குறிதான் மிஞ்சும். அனுப்புமுன் ஆப்ஜெக்டாக மாற்ற வேண்டும். ஆகவே ஏபிஐக்கு (சர்வரோடு தரவு பரிமாறும் வழி) போய்வரும் சிறு தரவுக்கு ஆப்ஜெக்டே வசதி. அப்புறம், மேப்பில் சதுர அடைப்புக்குறி போட்டு வேல்யூ சேர்க்காதீர்கள். அது மேப்புக்குள் பதிவாகாது, எண்ணிக்கையிலும் வராது. போட செட், எடுக்க கெட் என்ற மேப்பின் மெத்தடுகள் மட்டுமே.

கீயை இறுகப் பிடித்து வைக்காத மேப் வகையான வீக்மேப்புக்கு வேலை குறைவு. டாம் எலிமென்டோடு (வலைப்பக்கத்தின் ஓர் உறுப்பு) கூடுதல் தகவலைக் கட்டி வைக்க அது நல்லது: எலிமென்டை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் நினைவகம் தானாக விடுபடும். ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகப் பார்க்க முடியாது.