கிணறா குளமா, ரோடு பைக்கா டிடியா: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து 70.3-க்குத் தயாராகிறவருக்கு

நெடுந்தூர டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் பந்தயம்) என்றதும் நம் பக்கத்தில் முதலில் விசாரிக்கப்படுவது சைக்கிள் விலைதான். நீச்சல் தெரியுமா என்று கேட்டால், "சின்ன வயசிலேயே கிணத்துல குதிச்சவங்கதானே" என்று பதில் வரும். பந்தய நாளில் கால் வாருவது பெரும்பாலும் அந்தப் பதில்தான்.

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இந்த விளையாட்டுக்குத் தாராளமாகக் கொடுப்பவை ஏற்றம், வெயில், விடியற்காலையில் காலியாகக் கிடக்கும் சாலை. கொடுக்காதவை இரண்டு: நேராக நீளமாக நீந்தத் தண்ணீர், உடம்பில் வியர்வை காயாத கடற்கரைக் காற்று. கீழே வரும் ஒவ்வொரு தேர்விலும் இந்த இரண்டு பற்றாக்குறைகளை எது ஈடுகட்டுகிறது என்றுதான் பார்க்கிறோம். கையிலிருக்கும் காசும் நேரமும் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.

பாதியா முழுசா

70.3 (பாதி அயர்ன்மேன்) என்பது மூன்றையும் கூட்டிய மைல் கணக்கு: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். முழுத் தூரம் அதன் இரட்டிப்பு: 3.8, 180, 42.2. நேர வரம்பு முந்தையதற்குப் பொதுவாக எட்டரை மணி, பிந்தையதற்கு 17 மணி.

முழுநேர வேலையில் இருப்பவருக்கு, அதிலும் சிப்காட்டில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்கு, முதல் முயற்சி பாதித் தூரம்தான். அதற்கு வாரம் 8 முதல் 10 மணி நேரப் பயிற்சி போதும். முழுத் தூரத்துக்கு 12 முதல் 15 மணி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலேயே ஆறு மணி நேரம் கழிந்துவிடும். நைட் ஷிப்ட் வாரத்தில் தூக்கத்தை வெட்டித்தான் அதை ஓட்டமுடியும், அந்தக் கடனை உடம்பு வட்டியோடு வசூலிக்கும். 70.3 கோவாவில் 2019 முதல் நடக்கிறது. அக்டோபர் அல்லது நவம்பரில் வரும், இங்கிருந்து ஓர் இரவுப் பயணம். முழுத் தூரத்துக்கு மலேசியாவின் லங்காவி போன்ற வெளிநாட்டுப் பந்தயங்களைப் பார்க்கவேண்டும்.

கிணறு, குளம், அணை

கோவாவில் நீச்சல் கடலில். பாதித் தூரத்தில் நீச்சலுக்கு வழக்கமாக 70 நிமிடம் தருவார்கள். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி. கேட்பதற்குத் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் கடலில் நேர்கோட்டில் போகத் தெரியாவிட்டால் 1.9 கி.மீ. எளிதாக 2.1 ஆகிவிடும். நீச்சல் குளத்தில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் என்ற வேகத்தை 1,900 மீட்டருக்கும் விடாமல் பிடித்தால் 57 நிமிடம். மீதமுள்ள 13 நிமிடம் கூட்டத்துக்கும் அலைக்கும் வளைந்து போவதற்கும். இதற்கும் மெதுவாக நீந்துகிறவர் சைக்கிள் வாங்குவதைத் தள்ளிப்போட்டு நீச்சல் பயிற்சியாளருக்குப் பணம் கட்டலாம்.

கிணறு நமக்குச் சொந்தமானது, இலவசமானது, பயத்தைப் போக்குவது. ஆழம் தெரியாத தண்ணீரில் பதற்றமின்றி மிதக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நீளத்தில்தான் தோற்கிறது. பத்துப் பன்னிரண்டு மீட்டரில் சுவர் வந்துவிடும். ஆறேழு கை வீசுவதற்குள் திரும்பவேண்டும் என்றால் மூச்சு ஒரு சீருக்கே வராது. இதற்கு ஒரு வழி உண்டு: நாலைந்து மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையை இடுப்பு பெல்ட்டிலும் மறுமுனையைப் படிக்கட்டுக் கல்லிலும் கட்டி, நின்ற இடத்திலேயே நீந்துவது. 20 நிமிடம் இப்படி விடாமல் நீந்தினால் குளத்தில் சுவரை உதைத்து உதைத்துப் போவதைவிடத் தோளுக்கு வேலை அதிகம். கயிறு கட்டினால் ஒவ்வொரு கைவீச்சிலும் இடுப்பை வெட்டி இழுக்கும்; ரப்பர்தான் வேண்டும்.

எச்சரிக்கை மூன்று. இறங்கும் முன் மோட்டாரின் மெயினை அணைக்கவேண்டும். ஒயர் தோல் உரிந்திருந்தால் தண்ணீரே கரண்ட், ஓடும் மோட்டாரின் புட்வால்வு உறிஞ்சும் இழுப்பு வேறு. புழங்காத பழங்கிணறு வேண்டாம், அடியில் நச்சுக்காற்று தேங்கியிருக்கலாம். மேலே ஓர் ஆள் இல்லாமல் இறங்கவே கூடாது.

இன்னொரு சிக்கல் காலண்டரில் இருக்கிறது. அக்டோபர் பந்தயத்துக்கு மே, ஜூனில் பயிற்சி தொடங்கவேண்டும். நம் கிணறுகள் தரைதட்டுவதும் அப்போதுதான். ஆகஸ்ட், செப்டம்பர் மழைக்குப் பிறகு தண்ணீர் மேலே வரும்போது பயிற்சியில் முக்கால்வாசி முடிந்திருக்கும். அதனால் முதல் மூன்று மாதம் காசு கொடுத்தாவது குளம், கடைசி இரண்டு மாதம் குளத்தோடு கிணறும் என்று பிரிப்பதே நடக்கிற காரியம்.

குளத்துக்குச் சந்தா கட்டும் முன் நீளத்தைக் கேளுங்கள். 25 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்பது 76 நீளம். விடுதிகளிலும் அடுக்குமாடிகளிலும் 15 மீட்டர்கூட இல்லாத அலங்காரக் குளங்கள் உண்டு, அதற்குக் கிணறே மேல். குளம் தரும் ஏமாற்று ஒன்றிருக்கிறது: ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்து மூன்று நான்கு மீட்டர் சும்மா சறுக்குகிறோம், அடியில் கறுப்புக் கோடு வழிகாட்டுகிறது. கடலில் இரண்டும் இல்லை. வாரம் ஒரு நாள் சுவரைத் தொடாமல் ஒரு மீட்டர் முன்னாலேயே திரும்புங்கள். எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் முதலை மாதிரி தண்ணீருக்கு மேலே தூக்கி எதிரே பார்த்துப் பழகுங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும், அங்கேதான் வேகம் சாகிறது.

அணை, ஏரி, ஆறு மூன்றையும் ஒரே மூச்சில் ஒதுக்குகிறோம். கிருஷ்ணகிரி அணைக்கும் கெலவரப்பள்ளிக்கும் வரும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவைச் சுமந்து வருவது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதைப் பார்த்தவர் வாயைத் திறந்து மூச்செடுத்து நீந்த நினைக்கமாட்டார். ஏரிகளில் மீன்வலை. ஒகேனக்கல்லில் சுழலும் முதலையும், மேலே கர்நாடகத்தில் திறக்கும் தண்ணீரும். திறந்த நீர் பழகவேண்டும் என்றால் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பே கோவா போய், ஏற்பாட்டாளர்கள் அனுமதிக்கும் நேரத்தில் கடலில் இறங்குங்கள். உப்புநீர் உடம்பைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும், அது நமக்கு லாபம். 24.5 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான நீரில் வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை) பொதுவாக அனுமதி இல்லை, அந்தச் செலவு மிச்சம். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவ மறந்தால் உப்பு அரித்த இடம் ஓட்டம் முடியும்வரை எரியும்.

எந்தச் சாலை

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய் வந்தால் ஏறக்குறைய 90 கி.மீ., பந்தயத் தூரமே கிடைத்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 44 வழுவழுப்பானது, நிறுத்தாமல் மிதிக்கலாம். கேடு அதன் ஓரத்தில் இருக்கிறது. வெடித்த லாரி டயர்களின் மெல்லிய கம்பித் துண்டுகள் அங்கே சிதறிக் கிடக்கும். டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் தடவிக் கம்பியைப் பிடுங்காவிட்டால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். தவறான திசையில் வரும் டூவீலர்களும் அந்த ஓரத்தில்தான் வருவார்கள். தெற்கே தொப்பூர் இறக்கத்துக்குள் சைக்கிளோடு போகாதீர்கள். பிரேக் சூடேறிய லாரிக்கு முன்னால் இருக்கவேண்டிய இடமல்ல அது.

தர்மபுரி–பென்னாகரம்–ஒகேனக்கல் சாலையும் அரூர் பக்கச் சாலைகளும் லாரி குறைந்தவை, ஆனால் சாலையில் காயப்போட்ட புளியும் ராகியும் நாயும் வேகத்தடையும் உண்டு. நெருஞ்சி முள்ளும் இங்கேதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் ஓட்ட அழகாக இருக்கும். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் விடிந்து வெயில் ஏறும்வரையும், மாலை சாய்ந்த பிறகும் அந்தப் பக்கம் வேண்டாம். நம் யோசனை: மாதம் இரண்டு ஞாயிறு நெடுஞ்சாலையில் நீளப் பயிற்சி, விடிந்ததும் கிளம்பி ஒன்பதுக்குள் வீடு, மற்ற நாட்களில் உட்சாலை. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகள் காலுக்கு நல்லது, ஆனால் சமதளத்தில் இரண்டரை மணி நேரம் ஒரே அழுத்தத்தில் மிதிக்கிற பழக்கத்தை அது தராது. ஏற்றம் ஏறத் தெரிந்தவர் என்ற பெருமை மட்டும் கோவாவில் போதாது.

ரோடு பைக்கும் டிடி பைக்கும்

இந்தப் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. 12 மீட்டர் இடைவெளி விடவேண்டும், மீறினால் தண்டனைக் கூடாரத்தில் நிற்கவேண்டும். ஆக, காற்றை ஒவ்வொருவரும் தானே கிழிக்கவேண்டும். சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தில் நம் சக்தியில் பெரும்பகுதி காற்றுக்கே போகிறது. அந்த எதிர்ப்பில் பெரும் பங்கு சைக்கிளுடையது அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்புடையது.

இங்கேதான் தீர்ப்பு விழுகிறது. உடம்பைக் குனியவைக்கும் வேலையைச் ஹேண்டில்பாரில் மாட்டி முழங்கையை ஊன்றிக்கொள்ளும் சில ஆயிரம் ரூபாய் கிளிப்-ஆன் ஏரோபாரே பெரும்பாலும் செய்துவிடும். லட்சங்களில் வரும் டிடி பைக் (டைம் டிரையல், அதாவது தனியாக நேரத்தோடு போட்டியிடவே வடிவமைத்த சைக்கிள்) அதற்கு மேல் தருவது சில நிமிடங்கள். மேடைக்குப் போட்டியிடுகிறவருக்கு அந்த நிமிடங்கள் தங்கம், நேர வரம்புக்குள் முடிக்க நினைப்பவருக்கு அல்ல. டிடியானாலும் கிளிப்-ஆனானாலும் ஏரோபாரைப் பிடித்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. குறுக்கே ஆடு பாயும் அரூர் சாலையில் அது சின்ன விஷயமில்லை.

கிளிப்-ஆன் மாட்டிவிட்டு அப்படியே ஓட்டினால் இடுப்பு மடங்கித் தொடை நெஞ்சில் இடிக்கும், கழுத்து பிடிக்கும். ரோடு பைக்கின் சீட் குழாய் 73 டிகிரி அளவில் சாய்ந்தது. டிடி பைக்கில் 76, 78. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டச் சீட்டை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் முன்னே தள்ளி, சில மில்லிமீட்டர் உயர்த்தவேண்டும். கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால் கிளாம்ப் தாங்குமா என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்த பிறகே இறுக்குங்கள். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு இருபது என்று ஏற்றினால்தான் கழுத்து ஒத்துழைக்கும்.

டயரின் அகலம் 28 மில்லிமீட்டர். டியூபா டியூப்லெஸா என்றால், நெருஞ்சிக்கு டியூப்லெஸ்தான்; சின்ன ஓட்டையை உள்ளிருக்கும் சீலன்ட் தானே அடைக்கும். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. குலுக்கிப் பார்த்துச் சத்தம் வரவில்லை என்றால் ஊற்றுங்கள். அதை மறக்கிற ஆள் என்றால் டியூபும் இரண்டு மாற்று டியூபும் போதும்.

வெயில் ஒன்று, புழுக்கம் வேறு

"நாங்க தர்மபுரி வெயில்ல வளர்ந்தவங்க" என்பது பாதி உண்மை. இங்கே காற்று காய்ந்தது. வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கிறது. கோவாவில் வெப்பமானி குறைவாகக் காட்டும், ஆனால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போகும். சைக்கிளில் காற்று படுவதால் தெரியாது. ஓட்டத்தின் ஐந்தாவது கிலோமீட்டரில் தெரியும்.

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் தாங்கி) மிதிப்பதைச் சாலைப் பயிற்சிக்கு மாற்றாக நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் கடைசி இரண்டு வாரத்தில் அதற்கு வேறு உபயோகம் உண்டு: ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, 40 நிமிடம் மெதுவாக மிதித்தால் அறையே கோவாவாகும். 10 முதல் 14 நாளில் உடம்பு பழகிவிடும். தலை சுற்றினாலோ வியர்வை நின்று சிலிர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். ஹேண்டில்பார்மேல் துண்டு போடாவிட்டால் வியர்வை உப்பு போல்ட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ ஒரு லிட்டர் வியர்வை, குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண் தெரியாமல் பாட்டில் திட்டம் போடமுடியாது.

ஜெல்லும் வெல்லமும்

பந்தயத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், பழகியவருக்கு 90 வரை. ஒரு ஜெல்லில் (சின்னப் பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழ்) 22 முதல் 25 கிராம். நடுத்தர வாழைப்பழமும் கிட்டத்தட்ட அவ்வளவே. வெல்லத்தில் 30 கிராம் அளவுக் கட்டி ஒன்று. சத்தில் மூன்றும் சமம், விலையில் ஜெல் தோற்கிறது. கையில் பிசுபிசுக்காமல் குனிந்தபடியே விழுங்க முடிவதில் ஜெல் ஜெயிக்கிறது. ஆகப் பயிற்சிக்கு வெல்லமும் பழமும், பந்தயத்துக்கும் கடைசி நான்கு நீளப் பயிற்சிக்கும் ஜெல். பந்தய நாளில் முதன்முதலாக ஜெல் சாப்பிடுகிறவர் கழிப்பறை வரிசையில் நிற்பார்.

பாட்டிலுக்கு: 750 மி.லி. தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை. அந்த உப்பில் 600 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான சோடியம் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். குடியுங்கள், ஆனால் உப்புக்கு மாற்றாக எண்ணாதீர்கள். ராகிக் களி முந்தைய வாரங்களுக்கு அருமை. பந்தயத்துக்கு முந்தைய இரவு அதன் நார்ச்சத்து வேண்டாம், வெள்ளைச் சோறே நல்லது. மாம்பழத்தைச் சைக்கிள்மேல் சாப்பிடவும் வேண்டாம், ஃபிரக்டோஸ் வயிற்றைப் புரட்டும்.

பாட்டிலை எங்கே நிரப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். இந்த இரு மாவட்டங்களின் போர்வெல் நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். தினம் நாலைந்து லிட்டர் குடிக்கிறவர் வீட்டிலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தார் ரோட்டைவிடப் பள்ளி மைதான மண் முழங்காலுக்கு இதம், ஆனால் பந்தயம் தாரில்தான். வாரம் ஒன்றாவது தாரில் ஓடுங்கள். சைக்கிளை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கி.மீ. ஓடும் பயிற்சி வாரம் ஒருமுறை. முதல் கிலோமீட்டரில் கால் மரக்கட்டையாக இருக்கும், மெதுவாக ஓடுவதுபோலத் தோன்றும்; அதை நம்பி வேகம் கூட்டாதீர்கள்.

கொண்டுபோவது

கோவாவுக்குச் சைக்கிளைக் கொண்டுபோக, பெங்களூருவிலிருந்து இரவுப் பஸ்ஸா விமானமா? பஸ்ஸில் அட்டைப்பெட்டியை டிக்கியில் படுக்கவைத்து மேலே மூட்டை அடுக்குவார்கள், பின் டீரெய்லர் (கியர் மாற்றும் பாகம்) மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு வளையும். விமானத்தில் எடைக்கு மேல் காசு, காற்றடிக்கும் கார்பன் டையாக்சைடு குப்பியைப் பறித்துக்கொள்வார்கள். எதில் போனாலும் டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டுங்கள், கைப்பம்பை எடுத்துக்கொள்ளுங்கள், மாற்று ஹேங்கர் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு; கோவா தலைநகர் பஞ்சிமில் கடை கடையாகத் தேடினாலும் உங்களுடையது கிடைக்கும் என்று உறுதியில்லை.