கென்யாவும் தான்சானியாவும்: அண்டை நாடுகளின் இருவேறு பாதைகள்

விக்டோரியா ஏரியையும் இந்தியப் பெருங்கடற்கரையையும் கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யாவும் தான்சானியாவும் பங்கிட்டுக்கொள்கின்றன. 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ மலை தான்சானியாவில் உள்ளது. வரலாற்றில்தான் வேறுபாடு ஆழமானது. வெள்ளையர் குடியேறி வளமான மேட்டுநிலங்களைக் கைப்பற்றிய கென்யாவில், நிலமிழந்த கிகுயு மக்களிடையே எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க 1952இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. பல்லாயிரம் உயிர்கள் பலியான பின்னரே, 1963இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை வந்தது. தங்கனீக்காவோ ஜூலியஸ் நைரேரே தலைமையில் 1961இல் போரின்றி விடுதலை பெற்று, 1964இல் சான்சிபார் தீவுகளுடன் இணைந்து தான்சானியா ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களைச் சுவாகிலி மொழியால் நைரேரே பிணைத்ததை நான் பெரும் சாதனையாகவே மதிக்கிறேன். ஆனால் சோசலிசப் பாதையை அறிவித்த 1967இன் அருஷா பிரகடனத்தைத் தொடர்ந்து உழவர்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றிய திட்டம் வேளாண்மையை நலிவித்தது. தனியார் முதலீட்டை வரவேற்ற கென்யாவிலோ, 2007 தேர்தலுக்குப் பின் மூண்ட இனக்குழு வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.