கூடாரத்தோடு லடாக்: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

ஸ்ரீநகர், மணாலி இரண்டு ஊர்களிலிருந்தும் லடாக்கின் தலைநகரான லே சுமார் 420, 430 கிலோமீட்டர்தான். ஆகவே தூரத்தை வைத்து வழியைத் தீர்மானிக்க முடியாது. காரில் கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் படுக்கப் போகிறோம் என்பதைத்தான். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி.

ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குச் சற்றுக் கீழே. அங்கிருந்து சோன்மர்க் சுமார் 2,750, கார்கில் சுமார் 2,700, லாமயூரு சுமார் 3,500, லேயும் அதே 3,500. வழியிலேயே உயரமான ஃபோட்டு லா கணவாய் 4,108 மீட்டர். அதை ஏறி இறங்கிவிடுகிறோம், அங்கே படுப்பதில்லை. கார்கிலிலிருந்து லாமயூருவுக்கு 800 மீட்டர் ஏற்றம் இருப்பதால் கார்கிலில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போவது நல்லது. லாமயூருவில் யாருக்காவது மூச்சு முட்டினால், கணவாய் எதையும் தாண்டாமல் சிந்து நதிக்கரையில் உள்ள கல்சேக்கு இறங்கிவிடலாம்.

மணாலி வழியில் அந்த வசதி இல்லை. 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதாங் கணவாயைத் தவிர்த்துவிட்டது. அதனால் நேரம் மிச்சம்தான், ஆனால் ஏற்றம் இன்னும் வேகமாகிவிட்டது. மணாலி 2,050, ஜிஸ்பா சுமார் 3,200, அடுத்த இரவே சர்ச்சு 4,290. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல்! நள்ளிரவில் தலைவலியும் வாந்தியும் வந்தால் இறங்க வழியில்லை. திரும்பிப் போக 4,890 மீட்டர் பாராலாச்சா லாவை ஏற வேண்டும். முன்னே போனால் 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லாவும் டங்லங் லாவும் நிற்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் இறங்குவதற்கு முன் ஏறியாக வேண்டிய இடத்தில், உடம்பு பழகாமல் முதல் தடவை கூடாரம் போடக் கூடாது. உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே போவதற்கு ஸ்ரீநகர், திரும்புவதற்கு மணாலி. லேயிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு வாரம் இருந்து உடம்பு பழகிய பிறகு அதே சர்ச்சு அருமையான இடம். வெட்டவெளிப் பாலைவனத்தின் முழு அழகும் இந்தப் பக்கம்தான்: 4,700 மீட்டர் உயரத்தில் 40 கிலோமீட்டர் நீளும் மோரே சமவெளிக்கு ஈடாக ஸ்ரீநகர் சாலையில் எதுவும் கிடையாது.

பெட்ரோலிலும் ஸ்ரீநகர் வழி சுலபம், கார்கிலிலேயே பங்க் இருக்கிறது. மணாலி வழியில் தண்டி பங்கை விட்டால் லே பக்கம் வரை எதுவும் கிடையாது, ஏறக்குறைய 350 கிலோமீட்டர். திரும்பும்போது லேயில் டேங்கை நிரப்பாமல் கிளம்பாதீர்கள். ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே ஊர்வதால் மைலேஜ் குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு இழுவையும் வெகுவாகக் குறையும்.

கூடாரம்: சர்ச்சுவில் மதியத்துக்கு மேல் காற்று பலமாக வீசும், தரை முழுக்கச் சரளை. மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துபோகும். கயிற்றைத் தலையளவு கல்லில் சுற்றிக் கட்டி, அந்தக் கயிற்றின் மேல் அதைவிடப் பெரிய கல்லை வைத்தால் அசையாது. வாசல் காற்றுக்கு முதுகு காட்டட்டும்.

சமையலுக்கு 4,300 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரிக்கே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. 2 லிட்டர் குக்கர் கட்டாயம். பியூட்டேன் கேன் அடுப்பு ஸ்ரீநகர் வழி இரவுகளுக்குப் போதும். சர்ச்சுவின் விடியற்காலைக் குளிரில் தீ நூலாக இளைத்துவிடும். இரவே கேனைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் காலைத் தேநீருக்காவது உதவும். பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு இந்தக் குறை இல்லை, ஆனால் முதலில் பர்னரைச் சூடாக்க வேண்டும், மண்ணெண்ணெய் வாடை காரெல்லாம் நிறையும். இரண்டில் எதுவானாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

தண்ணீர் இரண்டு வழியிலும் ஓடைகளில் கிடைக்கும். மணாலி வழியில் பனியாற்று வண்டல் அதிகம், மோரே சமவெளியிலோ வறட்சி. 20 லிட்டர் கேனில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்து மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். நுண்குழாய் வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதை வெளியே விட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். உள்ளே ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும், கிருமி மட்டும் தடையில்லாமல் வந்துவிடும்.

பாராலாச்சாவைச் சுற்றிச் சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளில், வெயில் ஏறி பனி உருகும்போது தண்ணீர் உயரும். காலையில் கணுக்கால் அளவு ஓடியது மாலை நான்கு மணிக்கு முழங்காலைத் தொடும். லேயிலிருந்து திரும்பும்போது சர்ச்சுவில் படுத்து விடியலில் கிளம்பினால் இது தொல்லையே இல்லை. ஸ்ரீநகர் பக்கம், சோன்மர்க்கைத் தாண்டி வரும் ஜோஜி லா கணவாயில் தொல்லை வேறு: மழை பெய்தால் சேறும் மண்சரிவும். சில நாள்களில் போக்குவரத்தை நேரம் பிரித்து ஒருவழியாகவும் விடுவார்கள். அன்றைய நேரத்தை முந்தின மாலையே சோன்மர்க்கில் விசாரித்துவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோகும் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, ஒரு போஸ்ட்பெய்ட் எண்ணாவது வண்டியில் இருக்கட்டும்.