எக்ஸ்ரே நார்மல், விரல் மட்டும் வீக்கம்: பவர் டாப்ளர் ஸ்கேன் எடுக்கலாமா?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முடக்குவாதம் என்று சந்தேகிக்கும் இந்தக் கட்டத்தில் பவர் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) கொடுக்கும் காசுக்குத் தகும். ஆனால் மூட்டு ஸ்கேனில் பழகியவர் எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரே முக்கியமாக எலும்பைக் காட்டும். நோய் தொடங்குவதோ மூட்டின் உள்சவ்வில். இயல்பாக ஒன்று முதல் மூன்று செல் அடுக்கே இருக்கும் அதன் மேற்பரப்பு பல மடங்கு தடிக்கிறது, உள்ளே புது ரத்தக்குழாய்கள் கிளைக்கின்றன. தடித்த சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதைத் தின்கிறது. மூட்டின் ஓரத்தில் குருத்தெலும்பு மூடாத இடத்தில் எலும்புக்குக் காப்பு கிடையாது; முதல் எலும்பு அரிப்பு பெரும்பாலும் அங்கேதான்.

ஆள்காட்டி விரலின் அடிமூட்டில் புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியின் முனையை) நெடுக்காக வைத்தால் எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்கு மேலே கருமையான பகுதி நீரா, சவ்வா? லேசாக அழுத்தினால் நீர் ஒதுங்கிவிடும், சவ்வு அப்படி நகராது. டாப்ளரைப் போட்டதும் சவ்வுக்குள் நிறப்புள்ளிகள் மின்னினால் அழற்சி நடந்துகொண்டிருக்கிறது. தரம் 0 முதல் 3 வரை. சவ்வில் பாதிக்கு மேல் நிறம் நிறைந்தால் 3.

பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். டாப்ளர் பார்க்கும்போதும் அதே அழுத்தம் இருந்தால் நுண்குழாய்கள் நசுங்கி, அழற்சி இருக்கும் மூட்டும் 0 என்று வரும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோப் தோலை அழுத்தாமல் தொட, கை மேஜையில் தளர்ந்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்திருந்தாலும் நிறம் குறையும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், என்ன எடுக்கிறீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

சில சென்டர்களில் கை மூட்டுகளை மட்டும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். இது பெரிய குறை. கால் சுண்டுவிரலின் அடிமூட்டு, எலும்பு சீக்கிரம் அரிக்கும் இடங்களில் ஒன்று. பாதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை இந்த ஸ்கேன் காட்டாது, அதற்கு எம்ஆர்ஐதான். வலியே இல்லாதவர்களின் கால்விரல் மூட்டிலும் லேசான தடிப்பு தெரியலாம் என்பதால் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆன்டி-சிசிபி, இஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளோடு வாதநோய் மருத்துவர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

“அழற்சி உள்ளது” என்ற ஒற்றை வரி ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் சவ்வுத் தடிப்பின் தரம், டாப்ளர் தரம், அரிப்பு உண்டா இல்லையா என்று தனித்தனியாக எழுதியிருந்தால்தான் அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க முடியும்.