"நாலு மணி நேரத்துல துபாய்" என்று டிக்கெட் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

மதுரைப் பக்கமிருந்து துபாய்க்கு வீட்டுப் பெரியவர்களைத் தனியாக அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள ஒரு டிராவல்ஸ், பெயர் வேண்டாம், திருமங்கலத்தில் இருக்கும் என் அத்தைக்குச் செய்த வேலை இது.

மகள் பிரசவத்துக்காக அத்தை கிளம்ப வேண்டியிருந்தது. மாமா போய்க் கேட்டதும் அந்த ஆள் செல்போனில் ஒரு கணக்கைக் காட்டியிருக்கிறார்: மதுரை ஏர்போர்ட்டிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாலு மணி சொச்சம். "நேரா போயிரும்ணே, அக்கா இங்க சாப்பிட்டு ஏறினா அங்க போய் காப்பி குடிக்கலாம்." மாமா முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்தது கிளம்புவதற்கு முந்தின ராத்திரிதான்.

திறந்து பார்த்தால் மதுரையில் காலை 11.40க்கு ஏறி 1.05க்குச் சென்னை, அங்கே இரவு 8.50க்கு அடுத்த விமானம், துபாயில் 11.40. போன் போட்டுக் கேட்டேன். "மொத்தமே 12 மணி நேரம்தானே தம்பி" என்கிறார். அதுவும் பொய். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, ஆக பதின்மூன்றரை மணி நேரம். இன்னொன்று, சென்னையிலிருந்து துபாய்க்கும் கிட்டத்தட்ட அதே 2,900 கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னைக்குப் பறந்த 420 கிலோமீட்டரால் தூரம் குறையவே இல்லை, அவ்வளவும் வெட்டி.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) போட்டிருந்தார்கள், அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு டிக்கெட், அங்கேதான் மாட்டினோம். துபாய் டிக்கெட்டில் 30 கிலோ, மதுரை-சென்னை டிக்கெட்டில் 15 கிலோ. மதுரை கவுண்டரில் பெட்டியை எடை போட்டதும் கூடுதல் கிலோவுக்குக் கட்டச் சொன்னார்கள். அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, மகளுக்கென்று இடித்து வைத்திருந்த பிரசவ லேகியப் பொடியையும் முறுக்கு டின்னையும் வெளியே எடுத்து வைத்தார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் எடை குறையவில்லை, காசு கட்டித்தான் ஏற்றினோம். சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு அவரே தள்ளிப் போக வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போயிருந்தால் யாரும் பொறுப்பில்லை, புதிதாக டிக்கெட் வாங்க வேண்டியதுதான்.

பணம் கட்டுமுன் டிக்கெட் விவரத்தை எழுத்தில் கேளுங்கள்: எங்கே இறங்கி ஏற வேண்டும், எத்தனை பிஎன்ஆர், பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை கிலோ. தூரத்தை வைத்துப் போடும் கணக்கு எங்கும் நிற்காமல் பறக்கும் விமானத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

"பறக்குற நேரத்தைத்தானே சொன்னேன்" என்று இன்னும் சாதிக்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். திரும்பி வரும் டிக்கெட்டும் அவர் போட்டதுதான், அதிலும் இரண்டு பிஎன்ஆர். அந்தக் கடையில் ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.