கோகுசெக் எக்ஸ்.எஸ். ஐ.என்.ஆர். மீட்டர்: சென்னை வீட்டுக்குச் சரிப்படுமா?

இதயத்தில் மெட்டல் வால்வு வைத்தவர்களுக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு, கூடவே ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும் ஐ.என்.ஆர். டெஸ்ட்டும். காலையில் லேபில் கையை நீட்டிவிட்டு ரிப்போர்ட்டுக்குச் சாயங்காலம் வரை காத்திருக்கும் அலைச்சலைக் குறைக்க வந்தது ரோஷ் கம்பெனியின் கோகுசெக் எக்ஸ்.எஸ். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சுமார் ஒரு நிமிடத்தில் திரையில் எண். பார்க்க சுகர் மீட்டர் மாதிரிதான் இருக்கும். கறார் மட்டும் அதைவிட அதிகம்.

டோஸ் ஓரளவு நிலைத்து, எண்ணைச் சொன்னால் அன்றைக்கே டோஸ் சொல்ல ஒரு டாக்டரும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். டிஷ்யூ (விலங்குத் திசு) வால்வு வைத்து மூன்றிலிருந்து ஆறு மாதம் மட்டும் மாத்திரை எடுப்பவர்கள் இதில் காசைப் போட வேண்டாம், லேபே போதும். "டெஸ்ட்டே தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. மெட்டல் வால்வுக்கு அது கிடையாது. அந்தப் புது ரகத்தில் ஒன்றான டாபிகாட்ரான் மாத்திரையை மெட்டல் வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்து நடந்த ஆய்வில் ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் வார்ஃபரினை விடக் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2013-இல் முடிவு வெளியானது. அதே ரக மாத்திரையான அபிக்ஸாபன் ஆய்வும் 2022-இல் அதே கதியானது.

மீட்டரின் வெற்றி தோல்வி முழுக்க அந்த முதல் சொட்டில் இருக்கிறது. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் சொட்டாமல் துடைத்துவிடுங்கள். தண்ணீரோ ஸ்பிரிட்டோ விரலில் மிச்சமிருந்தால் ரத்தத்தோடு கலந்து எண் மாறிவிடும். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனி நோக்கி மெல்ல நீவுங்கள். மீட்டரில் ஸ்ட்ரிப்பைச் செருகி, அது 'ரெடி' காட்டிய பிறகுதான் குத்த வேண்டும். நுனியின் நடுவில் குத்தினால் வலிக்கும், பக்கவாட்டில் குத்துங்கள். குத்திய 15 விநாடிக்குள் சொட்டு ஸ்ட்ரிப்பில் இருக்க வேண்டும். தாமதித்தால் ரத்தம் விரலிலேயே உறையத் தொடங்கிவிடும், அப்புறம் மீட்டர் அளப்பது பாதி உறைந்த ரத்தத்தைத்தான். தேவை 8 மைக்ரோலிட்டர், சுகர் ஸ்ட்ரிப் கேட்பதை விடப் பெரிய சொட்டு. ரத்தம் வரவில்லை என்று நுனியை நசுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. திசு நீர் ரத்தத்தில் கலந்து உறைதலை முடுக்கிவிடும். பீப் சத்தம் கேட்டபின் ஸ்ட்ரிப்பைத் தொடாதீர்கள். போதவில்லையே என்று அதே ஸ்ட்ரிப்பில் இரண்டாவது சொட்டு வைக்கவும் கூடாது. புது ஸ்ட்ரிப், வேறு விரல்.

அடுத்த தலைவலி நம்ம ஊர் வெயில். இந்த மாடல் வேலை செய்ய அறை வெப்பம் 18 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத மொட்டை மாடி வீட்டில் மத்தியானம் இதை எதிர்பார்க்க முடியாது, விடிகாலையில் பாருங்கள். ஸ்ட்ரிப்பை 2 முதல் 30 டிகிரியில் வைக்கலாம் என்பதால் மே மாதத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டே நல்லது, ஃப்ரீசர் வேண்டாம். வெளியே எடுத்த ஸ்ட்ரிப்பை 10 நிமிடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். ஒரு நல்ல விஷயம், ஸ்ட்ரிப்புக்குள்ளேயே தரச் சோதனை இருக்கிறது. கெட்டதென்றால் தப்பான எண்ணைக் காட்டுவதற்குப் பதில் எர்ரர் போடும். ஸ்ட்ரிப் காசு போச்சு, அவ்வளவுதான்.

புது ஸ்ட்ரிப் டப்பா பிரிக்கும்போது கூட வரும் கோட் சிப்பை மாற்ற மறக்காதீர்கள். யூனிட் செட்டிங்கையும் ஒருமுறை பாருங்கள். ஐ.என்.ஆர். தவிர சதவீதத்திலும் விநாடியிலும் காட்டும் வசதி இதில் உண்டு. தெரியாமல் சதவீதத்துக்கு மாறிவிட்டால் 2.6 வர வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஒரு பெரிய எண் வந்து வீடே பதறும்.

டார்கெட்டை உங்கள் டாக்டர் எழுதித் தருவார். பொதுவாக அயோர்ட்டிக் மெட்டல் வால்வுக்கு 2 முதல் 3, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5. முதல் முறை மீட்டரில் பார்க்கும் அன்றே, சில மணி நேரத்துக்குள் லேபிலும் ரத்தம் கொடுத்து ஒப்பிடுங்கள். டார்கெட் எல்லைக்குள் 0.5 வரை வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் போனால் மீட்டரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. லேபின் நீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாமல் வைக்கும் திரவம்) என்பது கணக்கு. குழாய் கோடு வரை நிரம்பாவிட்டால் லேப் எண்தான் பொய்யாக உயரும். மீட்டரில் 4.5-க்கு மேல் வந்தால் லேபில் உறுதி செய்துகொள்ளுங்கள், உயரத்தில் இரண்டுக்கும் இடைவெளி கூடும். 2018-இல் அமெரிக்காவில் இந்த ஸ்ட்ரிப்புகளின் சில லாட்டுகள் உயர் எண்களைத் தப்பாகக் காட்டியதால் திரும்பப் பெறப்பட்டன.

வீட்டில் மீட்டர் இருக்கிறதென்று தினமும் குத்துவது வீண். அசிட்ரோம் உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும், அதன் அரை ஆயுள் 8 முதல் 11 மணி நேரம்தான். ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைகாரணிகள் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள்) தீர நாள் பிடிக்கும். டோஸ் மாற்றினால் மூன்றாம் நாளுக்குமுன் பார்த்துப் பலனில்லை, வார்ஃபரினுக்கு இன்னும் தாமதம். மீட்டர் நிஜமாகவே கைகொடுப்பது வேறு இடத்தில். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் மாதிரி ஐ.என்.ஆரை ஏற்றிவிடும் கிருமி மருந்து தொடங்கினால் மூன்றிலிருந்து ஐந்து நாளில் ஒரு டெஸ்ட். வயிற்றுப்போக்கில் இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லையென்றால் ஒன்று. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே நிறைந்த முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தினாலும் திடீரென்று தினமும் சாப்பிட ஆரம்பித்தாலும் ஒன்று. காலையில் எண் கையில் இருந்தால் ராத்திரி மாத்திரையையே டாக்டர் மாற்றிச் சொல்லிவிடுவார். லேப் ரிப்போர்ட் சாயங்காலம் தாமதமானால் பல சமயம் ஒரு டோஸ் தாண்டிப்போய்விடும்.

எண்ணைப் பார்த்து நீங்களே டோஸ் மாற்றாதீர்கள். கூடிவிட்டதே என்று வைட்டமின் கே போட்டுக்கொண்டால் சடாரென்று இறங்கி வால்விலேயே ரத்தம் உறையலாம். தலையில் அடி, கறுப்பு மலம், புதிதாக மூச்சு வாங்குதல், வால்வின் டிக் டிக் சத்தம் மங்குதல், இதில் எது நடந்தாலும் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சிலருக்கு இந்த மீட்டர் ஆகாது. ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தக்கட்டை உண்டாக்கக்கூடிய ஒரு எதிர்ப்புப் புரதம்) உள்ளவர்களுக்கு எண் பொய்யாக உயரலாம். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 25-க்குக் கீழோ 55-க்கு மேலோ இருந்தால் நம்ப முடியாது. ஆபரேஷன் முடிந்த புதிதில், ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்து) ஓடும் நாட்களில் லேப்தான்.

செலவு மீட்டரில் இல்லை, ஸ்ட்ரிப்பில். வாரம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 52, எர்ரரில் போவது தனி. மாதம் ஒன்று பார்ப்பவர் 24 உள்ள டப்பா வாங்கினால் தீர இரண்டு வருஷமாகும், அதற்குள் காலாவதியாகிவிடும். ஆறு உள்ள சின்ன டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். டெலிவரிக்காரர் கையில் வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள், பார்சல் கொதித்தபடி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.