கம்பளைக்குப் பிறகுதான் விஷயமே: மலைநாட்டு பஸ்ஸில் என் ஒன்பது வருடம்

பஸ் ஒத்துவராத பரம்பரை எங்களுடையது; ஏறினால் சத்தி (வாந்தி) வரும். அம்மாவுக்கு ஒத்துவராது, எனக்கும் ஒத்துவராது, இப்போது மகனுக்கும் அதே கதைதான். திருகோணமலைக்குள் இருக்கும்வரை இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நிலாவெளிக்குப் போனாலும் கந்தளாய்க்குப் போனாலும் ரோடு பெரும்பாலும் நேராகத்தான் கிடக்கும். 2016இல் அக்கா கலியாணம் முடித்து நுவரெலியாவுக்குப் போன பிறகுதான் வினை தொடங்கியது. ஏப்ரலில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை. கொரோனா வந்த 2020ஐயும் டீசல் இல்லாமல் பஸ்கள் நின்ற 2022ஐயும் விட்டால் ஒரு வருடமும் தப்பவில்லை. வான் பிடிக்கிற வசதி எங்களிடம் இல்லை. சிடிபி என்கிற அரசாங்க பஸ்தான்.

வழி இப்படி. திருகோணமலையில் ஏறினால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. ஏறத்தாழ 180 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட. கண்டியில் குட்செட் பஸ் நிலையத்தில் மாறி பேராதனை, கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியாக நுவரெலியா. இது 77 கிலோமீற்றர்தான், ஆனால் மூன்று மணித்தியாலம் எடுக்கும். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். அந்த ஏற்றம் முழுக்கக் கம்பளைக்குப் பிறகு காத்திருக்கிறது.

முதல் பயணத்தில் அம்மா விடிய நாலரைக்கே எழுப்பி, புட்டும் மீன்குழம்பும் தீத்தாத குறையாகச் சாப்பிட வைத்து, சத்திக்கு ஒரு குளிசையும் (மாத்திரை) தந்தா. "வயிறு நிறைஞ்சிருந்தால் சத்தி வராது பிள்ளை" என்பது அவவின் கட்சி. கண்டி வரைக்கும் சொகுசான நித்திரை. குளிசை நல்ல வேலை செய்கிறது என்று அக்காவுக்கு போன் எடுத்தும் சொன்னேன். புசல்லாவ தாண்ட ஒரு கொட்டாவி வந்தது. பிறகு இன்னொன்று. வாயில் உமிழ்நீர் சுரந்தது, பிடரியில் குளிர் வியர்வை. றம்பொடை வளைவில் பூக்கொத்தோடு நின்ற பையன் ஒருவன் பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தான். பஸ் வளைந்து வளைந்து ஏறுவதற்குள் அவன் குறுக்குப் பாதையால் ஓடி அடுத்த வளைவிலும் நின்றான். மூன்றாவது வளைவில் அவன் பார்த்தது யன்னலுக்கு வெளியே தலை நீட்டியிருந்த என்னை.

இரண்டு வருடம் குளிசையைத்தான் திட்டினேன். "ஸ்ட்ரோங்கா ஒன்று தாங்கோ" என்று கேட்டு புரோமெத்தசின் வாங்கிப் போட்டேன். அது நல்ல ஸ்ட்ரோங்தான். கண்டியில் கண் திறக்க முடியாமல் இறங்கி, அக்காவுக்குக் கொண்டுபோன கருவாட்டுப் பார்சலை மேல்தட்டிலேயே விட்டுவிட்டேன். இன்னொரு தடவை ஒரு மருந்துக்கடையில் சாதாரண வாந்திக்குக் கொடுக்கிற டொம்பெரிடோனைத் தந்து அனுப்பினார்கள். வயிற்றுக் கோளாறில் வரும் வாந்திக்கு அது சரி. வளைவில் வருகிற சத்தி வயிற்றில் தொடங்குவதில்லை. உள்காது "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்கிறது, முன் சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "இல்லை, சும்மாதான் இருக்கிறோம்" என்கிறது, அந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. அன்றைக்கு அந்தக் குளிசை என்னோடு சேர்ந்து வெளியே வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் எங்கள் ஊர் மருந்தாளர் ஒருவர்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை மணிக்குப் போடுறீங்கள்?"

நாலரைக்கு என்றேன். சிரித்தார். நான் போடுகிற டைமென்ஹைட்ரினேட் நாலு முதல் ஆறு மணித்தியாலம்தான் நிற்கும். வீட்டில் போட்டால் ஹபரணைக் காட்டு நேர்ரோட்டுக்கெல்லாம் காவல் காத்துவிட்டு, சரியாகக் கண்டியில் வேலை முடித்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு முறையும் மருந்தைத் தட்டை நிலத்தில் செலவழித்துவிட்டு மலைக்கு வெறுங்கையோடு ஏறியிருக்கிறேன்!

2018 டிசம்பரிலிருந்து கண்டியில் கால் வைத்ததும் முதல் வேலை அதுதான். பத்தரை போல இறங்கி, 50 மில்லிகிராம் குளிசை ஒன்று, அரைக் கப் பிளேன்டீ, பிறகுதான் கழிவறை, டிக்கற் எல்லாம். பஸ் கிளம்பிக் கம்பளையைத் தாண்டுவதற்குள் ஒரு மணித்தியாலம் ஓடிவிடும். அரை மணி முதல் ஒரு மணி முன்னால் போடவேண்டிய மருந்துக்கு இதைவிடப் பொருத்தமான ரோடு கிடையாது. அதன் பிறகு நான் சத்தி எடுத்தது இரண்டே தடவை. நித்திரை தூங்கும், வாய் காயும், அவ்வளவுதான்.

அந்த இரண்டில் ஒன்று சீற் பிரச்சினை. முன்சீற்றில் ரோடு தெரியும், தலை சுற்றாது என்று முதலாவது வாங்கில் போய் இருந்தேன். மதகுருமாருக்கு ஒதுக்கிய இடம் என்று தெரியும், யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. பேராதனையில் ஒரு பிக்கு ஏறினார். எழும்பிப் பார்த்தால் மிச்சமிருந்தது கடைசி வாங்கு. பின்சில்லுக்குப் பின்னால் இருக்கும் அந்த இடம் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தனி வீச்சு வீசும். குளிசையே கைவிரித்துவிட்டது. இப்போது மூன்றாவது, நாலாவது வரிசைதான் பார்ப்பேன். இரண்டு சில்லுக்கும் இடையில் ஆட்டம் குறைவு, என்ஜின் சூடும் டீசல் மணமும் அவ்வளவு வராது, எட்டிப் பார்த்தால் முன்கண்ணாடி தெரியும். அந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். ஏப்ரல் சீசனில் அப்படி நின்றால் பொழுது போய்விடும், அப்போது கிடைத்ததில் ஏறவேண்டியதுதான்.

ஏசி மினி பஸ் வேகமாகப் போகும் என்பார்கள். எனக்கு அதுதான் குறையே. பூட்டிய யன்னல், வாசனைக் கட்டி, பாட்டு வீடியோ. ஒரு தடவை போனேன், போதும்.

அம்மாவின் கதை வேறு. அவவுக்குக் கண் அழுத்தம் இருக்கிறது. இந்த வகைக் குளிசைகள் கண் அழுத்தக்காரருக்கும் புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கும் ஒத்துவராமல் போகலாம் என்று கிளினிக்கில் சொன்ன நாளோடு நிறுத்திவிட்டா. இப்போது யன்னல்கரை, வாயில் ஒரு துண்டு இஞ்சி, கையில் தேசிக்காய். இஞ்சி கொஞ்சம் பிடிக்கிறது என்று அவ சொல்லுவா, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தேசிக்காய் சத்தியை நிறுத்தாது. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் தலை எண்ணெய் மணத்தையும், எங்கள் பையிலிருக்கும் கருவாட்டு மணத்தையும் மூக்கில் ஏறவிடாது. நகத்தால் தோலைக் கீறிப் பிடிக்கவேண்டும், சும்மா உருட்டிக்கொண்டிருந்தால் பிரயோசனமில்லை. (கருவாட்டை இப்போது மூன்று சொப்பிங் பேக்கில் கட்டி, மூடியுள்ள வாளியில் வைத்துத்தான் கொண்டுபோகிறோம். அக்காவுக்குத் திருகோணமலைக் கருவாடு இல்லாமல் நாங்கள் போனால் வாசலில் முகம் மாறும்.)

அம்மாவுக்கு உண்மையில் உதவியது சித்தப்பா சொன்னது. வருடக்கணக்காகக் கடலுக்குப் போகிறவர், வள்ளத்தில் ஒன்றும் செய்யாது, ஆனால் பஸ்ஸில் எங்களைவிட மோசம். "கடலில நான் தூரத்தை எல்லோ பார்த்துக்கொண்டு போறன் அண்ணி, பஸ்ஸில எதைப் பார்க்கிறது?" என்றார். அன்றிலிருந்து அம்மா பக்கத்து மரங்களைப் பார்ப்பதில்லை. தூரத்து மலை முகட்டில் கண்ணை வைப்பா, அது மறைந்தால் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சீற்றில் அழுத்திச் சாய்த்துவிடுவா. லபுக்கலைத் தேயிலைத் தோட்டம் வரும்வரை பேச்சே இல்லை.

மகனுக்கு இப்போது எட்டு வயது. இரண்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கு இது அநேகமாக வராது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் வாடிக் கிடக்க அவன் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தான். நாலு வயதில் பரம்பரைச் சொத்து கைமாறியது. அவனுக்கான அளவு டொக்டர் நிறை பார்த்து எழுதித் தந்தது, பெரியவர்களின் குளிசையை நானாக உடைத்துக் கொடுப்பதில்லை. போன் கையில் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் கொட்டாவி வரும். ஆகவே கம்பளையில் போன் என் பைக்குள். கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய மணிக்கட்டுப் பட்டியையும் கட்டிப் பார்த்தோம். சத்திக்கு ஒன்றும் செய்யவில்லை, பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போனான்.

சாப்பாடு: விடிய ஒரு பணிஸ், வாழைப்பழம். தம்புள்ளையில் பஸ் நிறுத்தும் கடையில் ரோல்ஸ் பக்கம் திரும்புவதில்லை. கண்டிக்குப் பிறகு கிறீம் கிரெக்கர் இரண்டு மூன்று, மிடறு மிடறாகத் தண்ணீர். வெறும் வயிறும் கூடாது, அம்மாவின் புட்டும் கூடாது.

சொப்பிங் பேக் நாலு, மடியில், எட்டும் இடத்தில். வீட்டிலேயே ஒவ்வொன்றையும் ஊதிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் கன்னத்தில் காற்றுப் படும். நாங்கள் அதைக் கற்றது 2017இல், முன்சீற்றில் இருந்த ஒருவரின் வெள்ளைச் சேட்டுக்குப் பிறகு. சத்தி எடுத்த கையோடு குளிசை போடவேண்டாம், அதுவும் வந்துவிடும். வாய் கொப்பளித்துவிட்டு யன்னலைத் திறந்தால் ஒரு இருபது நிமிடம் நிம்மதி கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு இறக்கம் பிடிபடவில்லை. ஏறும்போது பஸ் முனகி முனகிப் போகும், இறங்கும்போது டிரைவருக்கு வீடு போகிற அவசரம், வளைவுக்கு வளைவு பிரேக். இரண்டாவது தடவை சத்தி எடுத்தது இறங்கும்போதுதான். நுவரெலியா பஸ் நிலையத்திலேயே முக்கால் மணி முந்திக் குளிசையைப் போட்டும், மூன்றாவது வரிசையில் இருந்தும் றம்பொடை வரை கண்ணை மூடித்தான் வருகிறேன். காலடியில் அக்கா தந்துவிட்ட லீக்ஸ் கட்டு. அந்த மணத்துக்குத் தேசிக்காயும் போதவில்லை. போன டிசம்பரில் அதையும் கருவாட்டு வாளிக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தோம். வீட்டில் லீக்ஸைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் ஒரு கிழமை கறியெல்லாம் கருவாடு மணத்தது.